சுண்ணக்கட்டியும் சுட்டெலியும்

ஆசிரியப் பணிக்குப் பயில்வோருக்குக் கணிப்பொறிப் பழக்கம் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். மறுப்பார் இல்லாத ஒன்றைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். வேண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. அப்பழக்கம் ஒருவருடைய கல்வித் தன்னம்பிக்கையை எவ்வழியில் வளர்க்கிறது, சில வேளைகளில் எவ்வாறு குலைத்தும் விடுகிறது என்று எண்ணிப் பார்ப்போர்தாம் குறைவு. நம் கல்லூரியில் தமிழும் வரலாறும் கணிதமும் பயின்று, பட்டம் பெற்ற கையோடு கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் மாணவ மாணவியர் ஆண்டுதோறும் பலர். அவர்களை மனத்திற் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சென்னை சைதாப்பேட்டையில் இன்றும் இயங்கிவரும் ஆசிரியர் கல்லூரியின் தொடக்கம் 1856ஆம் ஆண்டு. அங்கும் பிற பயிற்சிக் கல்லூரிகளிலும் நூறாண்டுக்கு மேலாக ஒருவர் பழக வேண்டியிருந்த பெருங்கருவி கரும்பலகையே. நேர்கோட்டில் எழுதுதல், எழுதும்போது வகுப்புக்கு முழு முதுகையும் காட்டாமல் நிற்றல், இந்திய வரைபடத்தைப் பாராமல் வரைதல் ஆகியவை அன்றைய திறன்கள். எழுத்து கோணினால் பின்வரிசை சிரிக்கும். மேற்பார்வை செய்யும் பேராசிரியரின் குறிப்பேட்டில் ஒரு வரி ஏறும். ஆகவே கருவிக்கும் தன்னம்பிக்கைக்கும் உள்ள உறவு புதிதன்று. ஆனால் கரும்பலகைக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை, கடவுச்சொல் வேண்டுவதில்லை, ஆங்கிலம் தெரிந்தவரிடம் ஒரு விதமாகவும் தெரியாதவரிடம் வேறு விதமாகவும் அது நடந்துகொள்வதும் இல்லை.

புதிய கருவிகள் வரும்போதெல்லாம் ஆசிரியர் வேலை முடிந்தது என்று முரசறைவோரும் உடன் வந்தனர். அமெரிக்க அறிஞர் எடிசன் 1913இல், பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்து போகும், இனி எல்லாம் திரைப்படமே என்ற கருத்தில் பேசினார். நூறாண்டு கடந்தும் புத்தகப் பை குழந்தைகளின் தோளை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது! நம் நாட்டில் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிக் கல்வி ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1984இல் பள்ளிகளுக்குக் கணிப்பொறிக் கல்வி வழங்கும் நடுவண் அரசின் திட்டம் ஒன்று ‘பிபிசி மைக்ரோ’ என்னும் சிறு கணிப்பொறிகளுடன் தொடங்கிற்று. இவற்றிலெல்லாம் ஆசிரியர் பெரும்பாலும் பார்வையாளராகவே இருந்தார். பெட்டி பேசிற்று, அவர் பக்கத்தில் நின்றார். கருவி வேறு, தம் கல்வி வேறு என்று அவர் இருந்துவிட முடிந்தது.

இன்று அவ்வாறு இருக்க இயலாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, 2015 முதல் கல்வியியல் இளங்கலைப் பட்டப் படிப்பு ஈராண்டாயிற்று. பள்ளிகளில் செலவிட வேண்டிய காலம் மொத்தம் இருபது வாரம் என்றாயிற்று. அப்பாடத்திட்டத்தில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தைத் திறனாய்ந்து உணர்தல் என்பது ஒரு செய்முறைத் தாள். அதற்கு அடுத்த தாள் தன்னை அறிதல். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் அறிந்துதான் வைத்தார்களோ என்னவோ, பொருத்தமாகவே அமைந்துவிட்டது. நம் மாநிலத்தில் 2018இல் வந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் கைபேசியால் படிக்கத்தக்க கட்டக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட ஆசிரியர் தகுதித் தேர்வு கணிப்பொறி வழியாகவே நடத்தப்பட்டது. கருத்தரங்கக் கட்டுரை, பாடக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல், தேர்வு என ஒவ்வொரு கல்விச் செயலோடும் கருவி ஒட்டிக்கொண்டுவிட்டது. கருவியில் தடுமாறுபவர் கல்வியிலேயே தடுமாறுபவராகத் தம்மை எண்ணிக்கொள்ளும் நிலை இங்கேதான் தோன்றுகிறது.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

தன்னம்பிக்கை என்ற சொல்லை நாம் மேடையில் மிகுதியாகப் பயன்படுத்தி அதன் கூர்மையை மழுக்கிவிட்டோம். உளவியலார் அதனைச் சற்று நுட்பமாகப் பிரித்துப் பார்ப்பர். கனடாவில் ஒரு சிற்றூரில் 1925இல் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக் கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றி, 2021இல் மறைந்த ஆல்பர்ட் பாண்டுரா, 1977இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதற்கு வழிவகுத்தார். ‘நான் வல்லவன்’ என்ற பொதுவான எண்ணத்தை அவர் பேசவில்லை. ‘இந்தக் குறிப்பிட்ட செயலை என்னால் செய்து முடிக்க இயலும்’ என்ற நம்பிக்கையையே ஆராய்ந்தார். அதனைத் தன்திறன் நம்பிக்கை என்று நாம் குறிக்கலாம். மேடையில் அஞ்சாது பேசும் ஒருவர் எக்ஸெல் கட்டங்களைக் கண்டு அஞ்சலாம். கைபேசியில் விரல்களை மின்னலாய் ஓட்டும் இளைஞர், நாற்பது பிள்ளைகள் முன் அதே கைபேசியைக் கொண்டு ஒரு பாடம் நடத்தச் சொன்னால் நாக்குழறலாம். இளையோர் எல்லாரும் பிறவியிலேயே கணிப்பொறி அறிந்தவர் என்ற கருத்து 2001 முதல் உலகெங்கும் பரவிற்று. பயிற்சிக் கல்லூரி வாயிலில் அது நிற்பதில்லை. படம் பார்ப்பதும் படிப்பிப்பதும் ஒரே திறன் அல்ல.

இந்நம்பிக்கைக்கு ஊற்றுக்கண் நான்கு என்றார் பாண்டுரா. நேரே செய்து வென்ற பட்டறிவு ஒன்று. தம்மை ஒத்தவர் செய்து வெல்வதைக் காண்பது இரண்டாவது. பிறர் கூறும் ஊக்கமொழி மூன்றாவது. அவ்வேளையில் உடலும் உள்ளமும் இருக்கும் நிலை நான்காவது. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. அவரும் அவருடன் பணியாற்றியோரும் செய்த ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டும். பாம்பைக் கண்டால் நடுங்குவோரைக் கொண்டு அது நடைபெற்றது. ஒரு சாரார், வேறொருவர் நஞ்சில்லாத ஒரு பெரும்பாம்பைக் கையாளுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தனர். மற்றொரு சாரார் படிப்படியாக உதவி பெற்றுத் தாமே அதனைத் தொட்டுத் தூக்கினர். பார்த்தவருக்கும் அச்சம் ஓரளவு குறைந்தது. தொட்டவருக்கே நம்பிக்கை மிகவும் ஓங்கிற்று.

இதனை நம் கல்வியியல் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தோடு பொருத்திப் பாருங்கள். ஐம்பது பேர் கொண்ட ஒரு பிரிவு. விரிவுரையாளர் முன்னே அமர்ந்து திரையில் ஒவ்வொன்றாகச் செய்து காட்டுகிறார். ஐம்பது பேரும் குறிப்பேட்டில் ‘முதலில் கோப்பு என்பதைச் சொடுக்குக’ என்று எழுதிக்கொள்கின்றனர். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். பாம்பைத் தொட்டவர் ஒருவர், பார்த்தவர் ஐம்பதின்மர்.

ஊக்கமொழிக்கும் எல்லை உண்டு. ‘உன்னால் முடியும்’ என்ற சொல் ஒருவரை இருக்கையை விட்டு எழுப்பும். எழுந்து சென்றவர் முதற் சொடுக்கிலேயே வழிதெரியாமல் நின்றால் அச்சொல்லுக்கு அப்புறம் மதிப்பில்லை. உடல்நிலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார், புரொஜெக்டரில் ‘இணைப்பு இல்லை’ என்ற பொருளில் ஏதோ ஆங்கிலத்தில் ஓடுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அவ்வியர்வையையே பயிற்சி ஆசிரியர் ‘எனக்கு இது வராது’ என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். உண்மையில் நடந்தது என்ன? மடிக்கணினியில் எச்டிஎம்ஐ வாய் இருக்கிறது. பள்ளியிலுள்ள கம்பியோ மூவரிசையில் பதினைந்து ஊசிகள் கொண்ட பழைய விஜிஏ. அல்லது கம்பி சரியாகவே இருக்கிறது. விண்டோஸ் விசையையும் பி என்ற எழுத்தையும் சேர்த்து அழுத்தி, திரைப்படியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவே. இரண்டு நிமிடத்தில் கற்பிக்கத்தக்க இச்செய்தி எத்தனை பாடத்திட்டங்களில் இருக்கிறது?

விசைப்பலகையின் முன் தமிழ்

தமிழ்வழியில் பயின்று வருவோருக்குத் தனியாக ஓர் இடர் உண்டு. அதனை விளக்கமாகக் கூறுவது நன்று. ஏனெனில் இதனால் மனம் ஒடிந்தவர் பலர், காரணம் அறிந்தவர் சிலர்.

ஒரு பயிற்சி ஆசிரியை இரவெல்லாம் விழித்துத் தம் பாடக் குறிப்பைத் தட்டச்சு செய்து, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குச் செல்கிறார் என்று கொள்வோம். பள்ளிக் கணிப்பொறியில் திறந்தால் தமிழ் இல்லை. ‘அம்மா’ என்று எழுதிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. பிள்ளைகள் சிரிக்கின்றனர். ‘எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன்’ என்று அவர் கருதுகிறார். தவறு அவருடையதன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவம் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். கணிப்பொறியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கிலமே. தமிழ் அதன்மேல் போர்த்திய போர்வை. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் போர்வை விலகி, உள்ளே இருப்பது தெரிகிறது. மாறாக, யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் உலகெங்கும் பொதுவான தனி எண் உண்டு. எந்த இயந்திரத்துக்கு எடுத்துச் சென்றாலும் ‘அ’ என்பது ‘அ’வாகவே இருக்கும். தமிழக அரசு 2010இல் யூனிகோடு முறையைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய எழுத்துருக்களில் பழகிய கைகள் இன்னும் அவற்றை விடவில்லை; அவர்களிடம் கற்பவரும் அவற்றையே கற்கின்றனர்.

விசைப்பலகையிலும் இத்தகைய குழப்பம் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகை, தமிழின் இயல்பறிந்து அமைக்கப்பட்டது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தொரு விசைகள். உயிரெல்லாம் இடக்கைப் பக்கம். க என்பதை அடுத்து இ என்பதை அழுத்தினால் ‘கி’ பிறக்கும்; உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று நாம் இலக்கணத்தில் படித்ததே இங்கு விரல் நுனியில் நடக்கிறது. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ந என்பதை அடுத்துத் த வந்தால் ‘ந்த’ ஆகும். அம்மா என்பதற்கு நான்கே அழுத்தம்: அ, ம, ம, ஆ. தந்தை என்பதற்கும் நான்கே. தமிழ் இலக்கணம் அறிந்த மாணவர் இதனைச் சில வாரங்களில் பழகிக்கொள்ளலாம். ‘எனக்கு ஆங்கிலம் வராது, அதனால் கணிப்பொறியும் வராது’ என்ற எண்ணத்தை உடைக்க இதனினும் நல்ல கருவி வேறில்லை என்பது என் துணிபு.

தோல்விக்கு நாம் கற்பிக்கும் காரணம் எதுவோ அதுவே அடுத்த முயற்சியின் விதியைத் தீர்மானிக்கும் என்று பெர்னார்டு வைனர் என்ற உளவியலார் விளக்கினார். ‘எனக்கு அறிவில்லை’ என்பது மாற்ற முடியாத காரணம். அதனைக் கூறுபவர் மீண்டும் முயல்வதில்லை. ‘எழுத்துருவில் கோளாறு’ என்பது மாற்றக்கூடிய காரணம். அதனைக் கூறுபவர் மறுநாள் எழுத்துருவை மாற்றுவார். ஆகவே பயிற்சிக் கல்லூரி கருவியை இயக்கச் சொல்லிக் கொடுப்பதோடு அமையாமல், கருவி ஏன் பழுதுபடுகிறது என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

தன்னைத் தானே பார்த்தல்

தொழில்நுட்பம் தன்னம்பிக்கைக்கு நேரே துணைசெய்த பழைய சான்று ஒன்று உண்டு. 1963இல் அதே ஸ்டான்போர்டுப் பல்கலைக் கழகத்தில் டுவைட் ஆலன் முதலியோர் நுண்ணிலைக் கற்பித்தல் முறையை உருவாக்கினர். ஐந்தாறு நிமிடப் பாடம், சில மாணவர், ஒரே ஒரு திறன். அதனை ஒளிநாடாவில் பதிவு செய்து, பாடம் நடத்தியவருக்கே போட்டுக் காட்டினர். நம் நாட்டில் வழங்கும் முறையில் கற்பித்தல் 6 நிமிடம், கருத்துரை 6, மறுதிட்டம் 12, மறுபடியும் கற்பித்தல் 6, மீண்டும் கருத்துரை 6 என ஒரு சுற்று 36 நிமிடம். ஆயினும் பதிவுக் கருவியின் விலை கருதி அது இல்லாமலே பெரும்பாலும் நடத்தி வந்தோம். உடன் பயில்வோர் ‘நன்றாக இருந்தது’ என்று சொல்ல, ஏட்டில் கையொப்பம் விழும்.

இன்று அக்கருவி எல்லார் பையிலும் இருக்கிறது. நான்கு புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்தால் போதும். தம் குரலைத் தாமே கேட்பது முதல் முறை எவருக்கும் கூச்சமே. ‘சரியா, சரியா’ என்று நிமிடத்துக்கு எத்தனை முறை சொல்கிறோம், கேள்வி கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல் நாமே விடை கூறிவிடுகிறோமா, வலப்பக்கத்து மாணவரையே பார்த்துப் பேசுகிறோமா என்பதெல்லாம் அதில் தெரியும். இரண்டாம் பதிவில் இவற்றுள் ஒன்று குறைந்திருப்பதைத் தம் கண்ணாலேயே காண்பவருக்கு, வேறு எவரும் ஊக்கமொழி கூற வேண்டுவதில்லை. இதற்கு இணையம் வேண்டாம், ஸ்மார்ட் வகுப்பறை வேண்டாம். (பதிவில் பிள்ளைகளின் முகம் விழாமல் பார்த்துக்கொள்வதும், அதனை எங்கும் பரப்பாமல் இருப்பதும் கடமை.)

எந்தப் பாடத்துக்கு எக்கருவி என்று அறிவது இதற்கடுத்த படி. பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் கலந்து நிற்பதே ஆசிரியரின் தனி அறிவு என்று லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். மிஸ்ரா, கோலர் என்னும் இருவர் 2006இல் அதனோடு தொழில்நுட்ப அறிவையும் இணைத்துக் காட்டினர். வடகிழக்குப் பருவமழையை விளக்க, மேகக் கூட்டங்கள் வங்கக் கடலிலிருந்து நகர்ந்து வரும் செயற்கைக்கோள் படங்களை ஓடவிட்டுக் காட்டினால், நிலையான வரைபடம் தராத தெளிவு பிறக்கும். வெண்பாவில் அசை பிரித்துக் காட்டவோ சுண்ணக்கட்டியே மேல். மாணவர் சொல்லச் சொல்ல நாம் கோடு போட்டுப் பிரிக்கலாம், தவறினால் அழிக்கலாம். முன்கூட்டியே பிரித்து வைத்த படவில்லையில் மாணவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. ‘இன்று படவில்லை வேண்டாம்’ என்று துணிந்து முடிவு செய்பவரும் தொழில்நுட்பத் திறனுடையவரே. மேற்பார்வையாளர்கள் இதனை ஒப்புக்கொள்ளும் நாள் வர வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் மற்றொரு நிலைமை தோன்றியிருக்கிறது. பாடத் தலைப்பைக் கொடுத்தால் பாடக் குறிப்பு முழுவதும் கணநேரத்தில் வந்துவிடுகிறது. இதனைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. பாண்டுரா கூறியதை நினைவிற் கொண்டால் போதும். எளிதில் கிட்டிய வெற்றி உறுதியான நம்பிக்கையைத் தராது. வெளித்துணையால் கிட்டியது என்று தாமே கருதும் வெற்றியும் தராது. குறிப்பு அழகாக இருக்கும்; அதனை எழுதியவர் வகுப்பில் நிற்கமாட்டார், நாம்தான் நிற்க வேண்டும். மூன்றாம் நிமிடத்தில் ஒரு பிள்ளை எதிர்பாராத கேள்வி கேட்கும்போது, தாமே அடித்துத் திருத்தி எழுதிய குறிப்புத்தான் கைகொடுக்கும். எழுதிய குறிப்பை அதனிடம் காட்டிக் குறை கேட்பது வேறு, அது நன்று.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பயிற்சி ஆசிரியரின் கணிப்பொறித் திறனுக்கும் கல்வித் தன்னம்பிக்கைக்கும் நேர்த் தொடர்பு உண்டு என்று முடிவு கூறும் ஆய்வேடுகள் கல்வியியல் துறையில் நிரம்ப உள்ளன. அவற்றைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஒட்டுறவுக் கெழு 0.5 என்று ஓர் ஏட்டில் இருப்பதாகக் கொள்வோம். பெரிய எண்ணாகத் தோன்றும். அதன் வர்க்கம் 0.25, அதாவது ஒன்றின் ஏற்றத் தாழ்வில் நான்கில் ஒரு பங்கைத்தான் மற்றொன்றோடு சேர்த்துப் பார்க்க முடிகிறது. மேலும், எது எதற்குக் காரணம்? வீட்டில் கணிப்பொறியும் படித்த பெற்றோரும் உடைய மாணவருக்குத் திறனும் இருக்கும், நம்பிக்கையும் இருக்கும். இரண்டுக்கும் வேர் வீட்டுச் சூழலாயின், ஒன்றை ஊட்டினால் மற்றது தானே வளரும் என்று சொல்ல இயலாது. அடுத்து, திறனை எவ்வாறு அளந்தனர் என்பது. ‘உங்களுக்கு எக்ஸெல் தெரியுமா? மிக நன்றாக, ஓரளவு, தெரியாது’ என்று வினாத்தாளில் கேட்டால், அங்கே அளக்கப்படுவது திறன் அன்று, அதுவும் தன்னம்பிக்கையே. தன்னம்பிக்கையைத் தன்னம்பிக்கையோடு ஒப்பிட்டுத் தொடர்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் வியப்பென்ன? முப்பது மதிப்பெண்களைக் கொடுத்துச் சராசரி கண்டு, வரைபடம் போடச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வே இவ்வகையில் நம்பத்தக்கது.

சுட்டெலி யார் கையில்?

மீண்டும் அந்தக் கணிப்பொறிக் கூடத்துக்கு வருவோம். ஐம்பது பேருக்கு இயங்கும் நிலையில் பத்து இயந்திரங்கள், ஒரு மணி நேரச் செய்முறை வகுப்பு என்று கணக்கிட்டால், ஓர் இயந்திரத்துக்கு ஐவர். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். நடப்பது அதுவன்று. ஐவருள் முன்பே பழகிய ஒருவர் சுட்டெலியைப் பிடித்துக்கொள்வார். அவர் கெட்டவர் அல்லர். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதே அவர் எண்ணம். இன்னொருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பார். ‘நீயே போட்டுருப்பா’ என்று விலகி நிற்கும் ஒருவர், கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகச் செய்முறைக் குறிப்பேட்டை எழுதப் பணிக்கப்படுவார். ஆண்டு முழுவதும் இவ்வாறே செல்லும். திறமை உள்ளவருக்குத் திறமையும் நம்பிக்கையும் ஏறும். இல்லாதவர் ஐந்து தாளிலும் நல்ல மதிப்பெண் எடுத்தும், கணிப்பொறி என்றால் ஒதுங்குபவராகவே வெளியேறுவார். விலகி நிற்பவர் பெரும்பாலும் வீட்டில் கணிப்பொறி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளாகவும், அவருள்ளும் பெண்களாகவும் இருப்பதைக் காண்கிறோம்.

இதனைச் சரிசெய்யப் பெருஞ்செலவு தேவையில்லை. தெரிந்தவர் வாயால் சொல்ல வேண்டும். தெரியாதவர் கையால் செய்ய வேண்டும் என்ற ஒரே விதி போதும். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு மணி ஒலித்தால் இடம் மாற வேண்டும். தெரிந்தவருக்கும் இதில் இழப்பில்லை: கையை நீட்டாமல் சொல்லால் மட்டும் வழிகாட்டுவது கடினமான கலை, அதுதானே ஆசிரியர் தொழில். சிறுவர்களைக் கொண்டு ஷங்க், ஹான்சன் என்போர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், கழித்தல் கணக்கை ஆசிரியர் செய்து காட்டியதைவிட, ஒத்த வயதுச் சிறுவர் செய்து காட்டியதே பார்த்தவருக்கு மிகுதியான நம்பிக்கையைத் தந்தது. ‘அவனுக்கு வருமென்றால் எனக்கும் வரும்’ என்ற எண்ணமே அதன் உட்பொருள். பழகியவரைவிட, சென்ற வாரம்வரை தடுமாறிய தோழியே சிறந்த வழிகாட்டி. செய்முறைத் தேர்விலும் குறிப்பேட்டுக்கு இடும் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டு, கம்பியைச் செருகி, திரையில் படம் வரவழைத்து, தமிழில் ஐந்து வரி தட்டி, அதனை வேறோர் இயந்திரத்தில் திறந்து காட்டச் சொல்லலாம். ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஐம்பது பேருக்கும் பார்க்க இரண்டு நாள் ஒதுக்க வேண்டியிருக்கும்.